நெரிசல் வேறு, தடை வேறு
லான்மடாவுக்குப் பேசுவோர் அறிந்துகொள்ள வேண்டியவை

1964 முதல் ரங்கூன் துறைமுகத்தில் கப்பலேறித் தமிழகம் வந்த நம் குடும்பங்கள், அங்கேயே தங்கிவிட்ட உற்றாரின் நலமறிய ஒரு கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்தன. இன்றோ யாங்கோன் நகரின் லான்மடாவ் பகுதியில் வாழும் அத்தையின் முகத்தையே கைபேசியில் காண்கிறோம். ஆயினும் பேச்சின் நடுவே குரல் உடைகிறது, படம் உறைந்து நிற்கிறது, பின்னர் மௌனம். அம்மௌனத்தின் காரணம் புரியாமல் உறக்கமிழக்கும் வீடுகள் நம்மிடையே பல.

பழைய தொலைபேசியில் பேசும் இருவருக்கென ஒரு தடம் முழுவதுமாக ஒதுக்கப்பட்டது. இணையத்தில் அவ்வாறில்லை. நம் குரல் சிறுசிறு பொதிகளாகத் துண்டிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் முகவரி தாங்கி, ஊரார் அனைவருடைய பொதிகளோடும் ஒரே பாதையில் செல்கிறது. பாதைகள் கூடும் சந்திகளில், எப்பொதி எவ்வழி செல்லவேண்டும் என்பதை ரவுட்டர் என்னும் கருவி தீர்மானிக்கிறது.

ஓர் ஏரியை நினைத்துக்கொள்வோம். பல வாய்க்கால்கள் வந்து விழுகின்றன. வெளியேறும் மடையோ ஒன்றே. வரத்து மிகுந்தால் நீர் தேங்கும். மேலும் மிகுந்தால் கலிங்கு வழியே வழிந்தோடும். ரவுட்டரிலும் பொதிகள் இவ்வாறே தேங்குகின்றன, இடமில்லாதபோது கைவிடப்படுகின்றன. பொதி சேர்ந்ததற்கான ஒப்புகை வராததைக் கண்ட அனுப்புநர், அதனையே மீண்டும் அனுப்புகிறார். வெள்ளத்தில் மேலும் வெள்ளம்!

1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் இது நேர்ந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே தொலைவு ஏறத்தாழ 400 கஜம்தான். அவற்றிடையே நொடிக்கு 32,000 பிட் வேகத்தில் சென்ற தகவல், வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. காரணத்தை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் தீர்வை வெளியிட்டார். அனுப்புநர் முதலில் சிறிதளவே அனுப்பிப் பார்க்கவேண்டும். ஒப்புகை வர வர அளவைக் கூட்டலாம். பொதி தொலைந்தால் உடனே வேகத்தைக் குறைக்கவேண்டும். ஒவ்வொருவரும் தாமாக அடங்கி நடந்தால் அனைவருக்கும் வழி கிடைக்கும் என்பதே அதன் சாரம்.

ஏரியை ஆழப்படுத்தினால் போதாதா எனக் கேட்கலாம். போதாது. பொதிகள் தொலையாவிடினும் நெடுநேரம் தேங்கி நிற்கும். கடிதத்துக்கு அத்தாமதம் பொருட்டன்று. பேச்சுக்கோ அதுவே பகை. ஆகவே, பொதிகள் வரிசையில் தொடர்ந்து நெடுநேரம் காத்திருந்தால், இடமிருக்கும்போதே சிலவற்றைக் கைவிட்டு அனுப்புநரை எச்சரிக்கும் முறையைக் கேத்லீன் நிக்கல்சும் ஜேக்கப்சனும் 2012இல் வகுத்தனர்.

இனி மியன்மாருக்கு வருவோம். டெலினார், உரிடூ என்னும் அயல்நாட்டு நிறுவனங்கள் 2013இல் அங்கே உரிமத்துக்குத் தேர்வாயின. அதற்கு முன் எளியோர்க்கு எட்டாதிருந்த சிம் அட்டை, 2014இல் 1,500 சாட்டுக்குக் கிடைத்தது. பேசுவோர் பெருகினர், பாதையும் அகலவேண்டியதாயிற்று. பியாபோனில் கரையேறிய கடலடி வடத்தை நெடுங்காலம் நம்பியிருந்த நாட்டுக்கு, 2016இன் இறுதியில் ஐந்தாம் தென்கிழக்காசிய-மேற்கு ஐரோப்பிய வடமும் துணையாயிற்று.

ஆனால் 2021இல் நம் உறவினர் கண்ட மௌனம் நெரிசலால் விளைந்ததன்று. பிப்ரவரி 1ஆம் நாள் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அம்மாத நடுவிலிருந்து நள்ளிரவு 1 மணி முதல் காலை 9 மணி வரை இணையம் நிறுத்தப்பட்டது. மார்ச் 15 முதல் கைபேசி இணையமும் நின்றது. மடையில் நீர் தேங்குவது வேறு. மடையையே அடைத்துவிடுவது வேறு.

இவ்விரண்டையும் பிரித்தறியச் சில குறிப்புகள் உண்டு. நெரிசலில் குரல் விட்டுவிட்டேனும் வரும். எழுத்துச் செய்தி தாமதித்தேனும் போய்ச்சேரும். கூட்டம் குறைந்த நேரத்தில் நிலைமை சீராகும். பல மணி நேரம் ஒரு சொல்லும் செல்லவில்லையெனில், மின்தடையோ, வடப் பழுதோ, அரசு ஆணையோ காரணமாகலாம். அதே ஊரிலுள்ள வேறு குடும்பங்களின் செய்தி வருகிறதா என முதலில் விசாரிப்பது நன்று.

நெரிசலாயின் படத்தை நிறுத்திக் குரலை மட்டும் அனுப்புங்கள். படத்துக்கு வேண்டிய பாதையில் சிறுபகுதியே குரலுக்குப் போதும். அதே இணைப்பில் பிள்ளைகள் திரைப்படம் பார்ப்பதைச் சற்றே ஒத்திவையுங்கள். அதுவும் உதவாவிடில் குரலைப் பதிவுசெய்து அனுப்புங்கள். அது காத்திருந்தேனும் முழுமையாகச் சேரும். இன்றியமையாத செய்தியை நான்கு வரி எழுத்தாக அனுப்புவது எல்லாவற்றினும் உறுதி.

தொடர்பு அறுந்தால் அடுத்து எந்நாள், எந்நேரம் அழைப்பது என்பதையும் இணைப்பு நன்றாயிருக்கும்போதே பேசி வைத்துக்கொள்வோம். மௌனத்தைக் கோபமென்றோ கேடென்றோ அவசரப்பட்டு எண்ணாமலிருக்க அது துணைபுரியும்.