நிலைப்படியில் நின்ற கால்



என் மாமியாருக்கு வயது 68. நாலு வருஷத்துக்கு முன் வலது கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. பிறகு நடை குறுகி, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். பக்கத்தில் காட்டியதில், "நரம்புத் தளர்ச்சி, வயசானா வரும்" என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதிலேயே ஒரு வருஷம் ஓடிவிட்டது. அப்புறம்தான் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் அழைத்துப் போய், சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் காட்டினோம். பார்க்கின்சன் நோய் என்றார்கள்.

லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இதைப் பற்றி விவரமாக எழுதியதால் அந்தப் பெயர். மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் குறைந்து போகின்றன. அதனால் நடப்பது, கை வீசுவது என்று நாம் நினைக்காமலேயே செய்கிற காரியங்கள் சுணங்கிவிடுகின்றன.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். "அத்தை, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், உக்காருங்க" என்று எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்துக்கே கொண்டு போய்க் கொடுத்தேன். அக்கம்பக்கத்தில் எனக்கு நல்ல பெயர்தான். ஆனால் ஆறே மாதத்தில் அவர் உடம்பு கட்டை மாதிரி விறைத்துவிட்டது. நிலைப்படிக்கு வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். ஒருநாள் அவசரத்தில் நான் கையைப் பிடித்து இழுக்க, அப்படியே குப்புற விழுந்தார். நெற்றியில் நாலு தையல். "நான் என்ன மூட்டையாடி, இழுத்துட்டுப் போறதுக்கு?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவர், "இழுக்கவே கூடாதும்மா. கால் நின்னா அவங்களும் நிக்கட்டும். மூச்சு விட்டு, உடம்பை இப்படியும் அப்படியும் சாய்ச்சு, 'ஒண்ணு, ரெண்டு' சொல்லிப் பெரிய அடியா எடுத்து வைக்கச் சொல்லுங்க. தரையில குறுக்கே கோடு போட்டு, அதைத் தாண்ட வையுங்க" என்றார். கோட்டைக் கண்ணால் பார்த்து அடி வைக்கும்போது மூளை வேறு வழியாக வேலை வாங்குமாம்.

புனேயைச் சேர்ந்த மிலேஹா சோனேஜி என்ற வடிவமைப்பாளரும் இதைத்தான் செய்தார். பார்க்கின்சன் வந்த அவருடைய மாமா சமதரையில் தடுமாறுவார். மாடிப்படியில் மட்டும் சுலபமாக இறங்குவார். அதைக் கவனித்து, படிக்கட்டு மாதிரித் தெரியும் படத்தைத் தரையில் ஒட்டி அவரை நடக்க வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் கோலமாவில் கோடு போட்டேன். "வழுக்கி விழவா?" என்று அதட்டிவிட்டு, என் வீட்டுக்காரர் வெள்ளை டேப்பை வெட்டி, கட்டிலில் இருந்து பாத்ரூம் வரை ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஒட்டினார். முதல் நாளே அத்தை யார் கையையும் பிடிக்காமல் பாத்ரூம் போய் வந்தார். வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்னும் சில விஷயங்கள்: மாத்திரையை மணி தவறாமல் கொடுங்கள், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். லெவோடோபா மாத்திரையைப் பருப்பு, முட்டை, பால் உள்ள சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் சிலருக்குச் சரியாகப் பிடிக்காது. எப்போது கொடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நடைப்பயிற்சி வைத்துக்கொள்ளலாம். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். சட்டென்று திரும்பாமல், வளைந்து சுற்றித் திரும்பச் சொல்லுங்கள். மிதியடி, தரைவிரிப்பு எதுவும் வழியில் வேண்டாம்.

நோய் குணமாகிவிடவில்லை. சில நாள் கோட்டுக்கு முன்னாலும் கால் நின்றுவிடும். ஆனாலும் காலையில் வாசல்வரை நடந்து வந்து, "புள்ளி கோணலா இருக்கு பாரு" என்று என் கோலத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறார்.

பாசம் என்று சொல்லி யாரையும் மூலையில் உட்கார வைத்துவிடாதீர்கள், தோழிகளே!

- ஒரு வாசகி, வள்ளூர்.