ஈர்க்கும் அட்டையும் கொண்டு ஒரு சறுக்கு விமானம்

நண்பகல் வேளையிற் கந்தளாய்க் குளக்கட்டில் நின்று மேலே நோக்குவோர், செம்பருந்து சிறகை அசையாமலே வானில் வட்டமிடுதலைக் காண்பர். வெயிலாற் சூடேறிய நிலத்தினின்று மேலெழும் காற்றே அதனைத் தாங்குகின்றது. பொறியின் உதவியின்றி, தன் நிறையையும் காற்றையுமே துணையாகக் கொண்டு இவ்வாறு பறக்கும் ஊர்தியே கிளைடர் எனப்படும் சறுக்கு விமானமாகும். அதன் சிற்றுருவமொன்றை வீட்டிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே மாணாக்கர் எவரும் ஆக்கலாம். ஆய்வுகூட வசதி குறைந்த பாடசாலைக்கும் அது பௌதிகவியல் உண்மைகள் பலவற்றைக் கண்முன்னே நிறுத்தும்.

இத்தகைய சிறு விமானத்தின் வரலாறு பட்டத்திலிருந்தே தொடங்குகின்றது. இங்கிலாந்தைச் சேர்ந்த சேர் ஜோர்ஜ் கேலி என்பார் 1804ஆம் ஆண்டிலே தாளாலான பட்டமொன்றைத் தடியின்மேற் பொருத்தி, பின்புறத்தே திருப்பத்தக்க வாலொன்றையும் அமைத்துப் பறக்கவிட்டார். சிறகு, உடல், வால் என்னும் இன்றைய விமான அமைப்பை அதிலேயே காணலாம். பின்னர், ஜேர்மனியரான ஒற்றோ லிலியென்தால் 1891 தொடக்கம் குன்றுகளினின்று ஏறத்தாழ ஈராயிரம் முறை சறுக்கிப் பறந்தார். 1896 ஓகஸ்ட் 9ஆம் நாள் அவருடைய ஊர்தி மூக்கை மேலுயர்த்தி, வேகமிழந்து நிலத்தில் வீழ்ந்தது. மறுநாள் அவர் உயிர்நீத்தார். அப்பெருமகனின் உயிரைக் கொண்ட அதே குறையை, நமது அட்டை விமானம் எவர்க்கும் தீங்கின்றி நமக்குக் காட்டித் தரும். அதுவே இவ்விளையாட்டின் பெரும்பயன்.

வேண்டிய பொருள்கள் மிகச் சில. பழைய அப்பியாசக் கொப்பியின் மேலட்டை ஒன்று, தென்னோலை ஈர்க்குகள், 14 அங்குல நீளமான மெல்லிய மூங்கிற் சிலாகை, றப்பர் வளையம் ஒன்று, சிறிது களிமண், கோதுமைமாப் பசை ஆகியவை போதும்.

மேலட்டையிலிருந்து 8 அங்குல நீளமும் 3 அங்குல அகலமுமுள்ள இரு துண்டுகளை வெட்டுக. இவை சிறகின் இரு பாதிகள். ஒவ்வொன்றையும் போத்தலொன்றின் மேல் மெல்ல அழுத்தி, மேற்புறம் சற்றே குவிந்திருக்குமாறு வளைக்க. முன்விளிம்பின் கீழ்ப்புறத்தே ஈர்க்கொன்றை ஒட்டுக. பின்னர் இரு பாதிகளையும் நடுவே தாட்கீலத்தால் இணைத்து, நுனிகள் நடுப்பகுதியிலும் ஓரங்குலம் உயர்ந்து நிற்குமாறு அமைக்க. எஞ்சிய அட்டையில் 6 அங்குலத்துக்கு 2 அங்குலமான வாலையும், 2 அங்குலச் சதுரமான நிலைக்குத்துச் செட்டையையும் வெட்டிச் சிலாகையின் பின்முனையில் ஒட்டுக. பசை ஈரமாயிருக்கும்போது அட்டை முறுகும். ஆதலின் தட்டையான வாலை ஒட்டுமுன் புத்தகங்களின் கீழ் வைத்து நேராக்கிக் கொள்க. சிறகை மட்டும் ஒட்டாது, மூக்கிலிருந்து மூன்றரை அங்குலம் பின்னே றப்பர் வளையத்தாற் கட்டுக. முன்னும் பின்னும் நகர்த்துதற்கு அது வசதியாகும்.

இனிச் சமநிலை. சிறகின் முன்விளிம்பிலிருந்து ஓரங்குலம் பின்னே, இரு பக்கமும் விரல்நுனிகளால் விமானத்தைத் தாங்குக. அது கிடையாக நிற்கும்வரை மூக்கிற் களிமண்ணைச் சிறிது சிறிதாக அப்புக.

காற்று அடங்கிய காலைவேளையிலே, தோளுயரத்திலிருந்து மூக்கைச் சற்றே தாழ்த்தி மெதுவாகச் செலுத்துக. வீசி எறிதல் கூடாது. அது நேரே தலைகீழாகப் பாய்ந்தால் மூக்கு பாரமென்பது பொருள், களிமண்ணைக் குறைக்க. பக்கமாகத் திரும்பினாற் சிறகிலோ வாலிலோ முறுக்கம் உண்டு, நிமிர்த்துக. மூக்கை உயர்த்தி, ஒரு கணம் தயங்கி, பின் குப்புற வீழ்ந்தால் வால் பாரமென்பது பொருள், களிமண்ணைக் கூட்டுக.

இம்மூன்றாவது வீழ்ச்சியையே நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். சிறகு காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றது. அதன் எதிர்த்தாக்கமாகக் காற்று சிறகை மேலே தாங்குகின்றது. இது நியூற்றனின் மூன்றாம் விதியன்றி வேறில்லை. ஆயின் சிறகு காற்றைச் சந்திக்கும் கோணம் அளவு கடந்து பெருகினால், காற்று அதன் மேற்பரப்பைத் தழுவிச் செல்லாது பிரிந்துவிடும். தாங்கும் விசையும் குன்றும். லிலியென்தாலுக்கு நேர்ந்தது இதுவே. கந்தளாயிலிருந்து தம்பலகாமத்தினூடாகத் திருகோணமலை செல்லும் புகையிரதப் பாதையிலுள்ள சீனன்குடாவிலே விமானப்படையினர் விமானமோட்டப் பயில்கின்றனர். அங்காயினும் எங்காயினும், விமானமோட்டப் பழகுவோர் தொடக்கத்திற் கற்கும் பாடங்களுள் ஒன்று, இந்நிலையில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீளப் பெறுதலாகும். மேலே செல்ல விரும்புவோன் கீழ்நோக்கத் துணிதல் வேண்டுமென்னும் இவ்வுண்மையை ஓர் உருண்டைக் களிமண் விளக்கிவிடுகின்றது.

விமானம் சீராகப் பறக்கத் தொடங்கியபின் அளவையில் இறங்குக. 5 அடி உயரத்தில் விடப்பட்டது 25 அடி தூரம் சென்றால், அதன் சறுக்கு விகிதம் ஐந்துக்கு ஒன்று. இன்றைய சிறந்த கிளைடர்கள் ஐம்பதுக்கு ஒன்றையும் கடந்துள்ளன. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்து, பத்து முறை செலுத்தி, தூரங்களைக் கொப்பியிற் குறித்துச் சராசரி காண்க. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதிகாலையே ஏற்றது. குளக்கட்டையும் தெருவையும் தவிர்த்துத் திறந்த விளையாட்டிடத்தையே தெரிந்துகொள்க; நீரில் வீழ்ந்த அட்டைக்காக எவரும் குளத்தில் இறங்குதல் ஆகாது.

கிராமப் பாடசாலைகளில் ஆசிரியராயிருக்கும் பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். அவர்கள் தம் வகுப்பிலே ஒரு காலைப்பொழுதை இதற்கென ஒதுக்குவார்களாக. வீழ்ந்த விமானத்தைக் கண்டு நகைக்கும் சிறுவன், அது ஏன் வீழ்ந்ததென வினவத் தொடங்கும் கணத்திலேயே விஞ்ஞான மாணவனாகின்றான்.