கரண்டா, பெட்ரோலா, இரண்டுமா?
மாட்டுங்கா அண்ணாச்சியின் கார் யோசனை

(நமது மும்பை நிருபர்)

மாட்டுங்கா கிழக்கில் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் நம்மவர் ஒருவர் மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. வியாபாரத்தில் நஷ்டமா என்றால் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்றால் அதுவும் இல்லை. கார் வாங்க வேண்டும். எந்தக் கார் என்று தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். நெல்லைச் சீமையிலிருந்து 16 வயதில் வந்து, தாராவி 90 அடி ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தவர். இன்று வாஷி மசாலா மார்க்கெட்டில் மிளகாய் வற்றல், மல்லி, மஞ்சள் மொத்த வியாபாரம். வயது 61. இதுவரை பழைய டீசல் வண்டியிலேயே காலம் தள்ளிவிட்டார். “பிள்ளைகளைப் படிக்க வச்சாச்சு, வீடும் வாங்கியாச்சு. ஒரு தடவையாவது நல்ல வண்டியிலே உக்காந்து பாக்கணும் தம்பி. திரும்ப இவ்வளவு ரூபாயை ஒரே இடத்திலே போட எனக்கு வயசும் கிடையாது, தெம்பும் கிடையாது” என்றார்.

என்னை ஏன் கூப்பிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். “நீ ரயில்வேக்காரன். டீசல் இஞ்சினும் பாத்திருக்கே, கரண்டு இஞ்சினும் பாத்திருக்கே” என்றார். நான் கவுன்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிற குமாஸ்தா, லோகோ ஷெட்காரன் அல்ல என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

அவர் முன்னால் இருந்தவை இரண்டு. ஒன்று, மார்க்கெட் நண்பர் ஒருவர் கைமாற்றத் தயாராக இருக்கும் வால்வோ எக்ஸ்சி90 டி8. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொஸகோட்டேயில் பூட்டிய வண்டி. ஏழு பேர் உட்காரலாம். பெட்ரோல் எஞ்சின் முன் சக்கரங்களையும், மின்சார மோட்டார் பின் சக்கரங்களையும் இழுக்கும். வீட்டு பிளக்கில் சார்ஜ் செய்துகொள்ளலாம். பாட்டரி காலியானால் பெட்ரோலில் போகலாம். இதைத்தான் பிளக்-இன் ஹைப்ரிட் என்கிறார்கள். மற்றொன்று, மூத்த மகன் பார்த்து வைத்திருக்கும் பிஎம்டபிள்யூ ஐ4. 2022 மே மாதம் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த முழு மின்சார செடான். பெட்ரோல் டாங்கியே கிடையாது.

அண்ணாச்சியின் மனசு முதல் வண்டியில் இருந்தது. “இது போச்சுன்னா அது இருக்கு. ரெண்டும் கையிலே இருக்கிறது நல்லதுதானே?” என்று கேட்டார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ரெட்டைக் கரண்ட் எஞ்சின்

இதே கேள்வி எங்கள் ரயில்வேயிலும் ஒரு காலத்தில் இருந்தது. 1925 பிப்ரவரி 3ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. 1,500 வோல்ட் டி.சி. கரண்ட். பிற்பாடு நாட்டின் மற்றப் பகுதிகளில் 25,000 வோல்ட் ஏ.சி. வந்துவிட்டது. மும்பை மட்டும் பழைய கரண்டிலேயே நின்றது. இரண்டு எல்லையிலும் எஞ்சின் மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பதால், 1975 முதல் இரண்டு கரண்டிலும் ஓடக்கூடிய டபிள்யூ.சி.ஏ.எம். ரக எஞ்சின்கள் வந்தன. நன்றாகவே உழைத்தன. பிறகு மேற்கு ரயில்வே 2012லும், மத்திய ரயில்வே 2015, 2016லும் மும்பையை ஏ.சி.க்கு மாற்றி முடித்தன. அன்றைக்கே அந்த எஞ்சின்களுக்குள் இருந்த டி.சி. சாமான்கள் வெறும் சுமையாகிவிட்டன.

பிளக்-இன் ஹைப்ரிட்டும் அப்படியோர் இடைக்கால வண்டி என்பது என் அபிப்பிராயம். “இடைக்காலம்னு சொல்லிட்டு நாப்பது வருஷம் ஓடியிருக்கே!” என்று அண்ணாச்சி மடக்கினார். வியாபாரி அல்லவா! ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த எஞ்சினில் எந்தக் கரண்ட் என்பதை மேலே போகும் கம்பி முடிவு செய்தது. இந்தக் காரில் அதை முடிவு செய்ய வேண்டியவர் இரவில் பிளக் மாட்டுகிற ஆள்.

அந்த ஆள் அண்ணாச்சியின் டிரைவர். அவரும் நம்மவர்தான், 19 வருஷமாக அவரிடமே இருக்கிறார். இரவு எட்டரை மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு தாராவிக்கு நடந்தே போய்விடுவார். அவரைத் தனியாகக் கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: “மழை நாளிலே, அசதியா இருக்கிற நாளிலே மாட்ட மறந்துருவேன் சார். மறந்தாலும் இந்த வண்டி காலையிலே கிளம்பிரும். பெட்ரோல் இருக்குல்ல? மொதலாளிக்குத் தெரியவே போறதில்லே. அந்தச் சின்ன வண்டின்னா அப்படி முடியாது. மறந்தா மறுநாள் நானில்ல மாட்டிக்குவேன்!”

இவர் ஒருவர் விஷயம் மட்டும் அல்ல இது. ஐரோப்பியக் கமிஷன் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2021இல் பதிவான வண்டிகள் ரோட்டில் உண்மையாக எவ்வளவு எரிபொருள் குடிக்கின்றன என்று பார்த்ததில், பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள் விட்ட கரியமில வாயு, சோதனைச்சாலையில் சொன்னதைப் போல் மூன்றரை மடங்கு. வண்டியில் பழுது ஒன்றும் இல்லை. எதிர்பார்த்த அளவு பிளக்கைச் சொருகவில்லை, கரண்டில் ஓட்டவில்லை, அதுதான் காரணம்.

காகிதத்தில் போட்ட கணக்கு

அண்ணாச்சி மல்லி மூட்டை ரசீதைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தார். மாட்டுங்காவிலிருந்து சயான் வழியாக, பாலம் தாண்டி வாஷி, திரும்பி வருவது, நடுவில் பாங்க், கோவில் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 45 கிலோமீட்டர். வருஷத்துக்கு 300 நாள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வீட்டுக் கரண்ட் யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். மும்பையில் பெட்ரோல் 100ஐத் தாண்டித்தான் நிற்கிறது என்றாலும் கணக்குக்கு அது சுலபம்.

வால்வோவின் பாட்டரி சுமார் 11 யூனிட் கொள்ளும். வண்டியின் எடை ஏறக்குறைய 2.3 டன். ஏர்கண்டிஷனும் போட்டு மும்பை நெரிசலில் ஓடினால் கரண்டில் 30 கிலோமீட்டர் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. அதற்குச் சுமார் 100 ரூபாய். மீதி 15 கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் பெட்ரோல், 150 ரூபாய். ஆக நாளொன்றுக்கு 250, வருஷத்துக்கு 75,000. பிளக்கே மாட்டாவிட்டால் நாளைக்கு 450, வருஷத்துக்கு 1,35,000.

மின்சார செடான் ஒரு யூனிட்டில் 6 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்தால் நாளைக்கு ஏழரை யூனிட், 75 ரூபாய். வருஷத்துக்கு 22,500.

இவ்வளவு பெரிய தொகைக்குக் கார் வாங்குகிறவர் அரை லட்சத்துக்குக் கணக்குப் பார்ப்பாரா என்று வாசகர்கள் கேட்கலாம். அண்ணாச்சி பார்ப்பார். கிலோவுக்கு 50 பைசா மிச்சம் என்றால் மிளகாய் லாரியை ஒரு நாள் கூடுதலாக நிறுத்தி வைக்கிறவர் அவர்.

ரசீதில் எழுதாத செலவும் உண்டு. இரட்டை வண்டிக்கு எஞ்சின் ஆயில், ரேடியேட்டர், கியர்பாக்ஸ் எல்லாம் உண்டு. அதன்மேல் பாட்டரியும் மோட்டாரும் உண்டு. சின்னப் பாட்டரி தினமும் நிறைந்து தினமும் காலியாகிறது. பெரிய பாட்டரியோ, ஐ4இல் உள்ளது 80 யூனிட்டுக்கு மேல் கொள்ளும், அண்ணாச்சி ஓட்டத்துக்கு ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். சிறிய பாட்டரி சீக்கிரம் தேய்வதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த ரக வண்டிகளின் பாட்டரிக்குப் பொதுவாக 8 வருஷம் காரண்டி கொடுக்கிறார்கள். கைமாறி வரும் வண்டியில் அதில் பாதி ஏற்கெனவே கரைந்திருக்கும்.

சர்க்காரின் மனசு எந்தப் பக்கம் என்பது வரியிலேயே தெரிகிறது. மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்ட் முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பெரிய ஹைப்ரிட் கார்களுக்கு, செஸ் உட்பட 43 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆக்கினார்கள். பச்சை நம்பர் பிளேட்டும் முழு மின்சார வண்டிக்குத்தான். நம் ரோடுகளில் பிளக்-இன் ஹைப்ரிட்டை அபூர்வமாகவே பார்க்கிறோம் என்றால் அதில் ஆச்சரியம் இல்லை.

மழையும் ஊர்ப் பயணமும்

டிரைவருக்கு வேறு பயம். கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்பது மும்பைக்காரர்கள் அனைவருக்கும் தெரியும். 2005 ஜூலை 26ஆம் தேதி, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அன்று இடுப்பளவு தண்ணீரில் அப்போதைய முதலாளியின் வண்டியை விட்டுவிட்டு நடந்தவர் இவர். “கரண்டு வண்டி தண்ணியிலே நின்னா ஷாக் அடிக்காதா?” என்றார். பாட்டரிப் பெட்டியைத் தண்ணீர் புகாமல் அடைத்துத்தான் செய்கிறார்கள். காற்றோடு தண்ணீரையும் இழுத்து எஞ்சின் முடங்கும் தொல்லை மின்சாரக் காருக்குக் கிடையாது. ஆனாலும் செடான் தாழ்வான வண்டி. ஆழம் தெரியாத தண்ணீரில் எந்த வண்டியையும் இறக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் உயரமான வால்வோவுக்குத்தான் மார்க்.

பெரிய தகராறு ஊர்ப் பயணத்தில் வந்தது. புனே, கொல்ஹாப்பூர், ஹுப்ளி, பெங்களூர், சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலி 1,600 கிலோமீட்டருக்குக் குறையாது. ஐ4 ஒரு சார்ஜில் 590 கிலோமீட்டர் வரை ஓடும் என்பது ஐரோப்பியச் சோதனைக் கணக்கு. ஆளும் சாமானும் ஏற்றி ஹைவேயில் விரட்டினால் 400 என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். வேகச் சார்ஜர்கள் பெரிய ஊர்களில் எல்லாம் வந்துவிட்டன. வழியில் ஐந்தாறு தடவை நிற்க வேண்டும். நல்ல சார்ஜர் கிடைத்தால் தடவைக்கு அரை மணி, முக்கால் மணி. நமக்கு முன்னால் இரண்டு வண்டி நின்றால் டீ குடித்து, இன்னொரு டீயும் குடித்துக் காத்திருக்க வேண்டியதுதான். வால்வோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாட்டுங்காவிலிருந்து புறப்பட்டு நவி மும்பையைத் தாண்டுவதற்குள் பாட்டரி தீர்ந்து, அதற்கப்புறம் திருநெல்வேலி வரை அது கனமான ஒரு பெட்ரோல் கார்தான். போர் காட் மாதிரி இறக்கங்களில் இரண்டு வண்டியும் பிரேக் பிடிக்கும்போது கரண்டைத் திரும்பச் சேமிக்கும். எங்கள் புது லோக்கல் ரயில்கள் செய்கிற வேலைதான் அதுவும்.

“பாத்தியா, ஊருக்குப் போறதுன்னா பெட்ரோல் வேணும்லா?” என்றார் அண்ணாச்சி. வருஷத்துக்கு எத்தனை தடவை போகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு தடவை, கோவில் கொடைக்கு. போக வர 3,200 கிலோமீட்டர். வாஷி ஓட்டம் 13,500. மூன்று மாதத் தூக்கம் கெட்டது அந்த 3,200க்காக!

அந்த ஒரு பயணமும் யாருக்காக? 82 வயது ஆச்சிக்காக. அவர்களைக் கேட்டீர்களா என்றேன். வீடு அமைதியாகிவிட்டது. யாரும் கேட்கவில்லை.

உள்ளே ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “நீ எந்த காரை வேணும்னாலும் வாங்கு. ரெண்டு நாள் காலைத் தொங்கப்போட்டு உக்கார என்னாலே முடியாது. போன தடவை வந்து பட்டது போதும். ரயில்ல ஒரு கீழ் பெர்த் போட்டுக் குடுக்கச் சொல்லு அந்தத் தம்பியை” என்றார்.

தாதரிலிருந்து திருநெல்வேலிக்கே சாளுக்யா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்னதாகத்தான். கொடைத் தேதியைச் சொல்லுங்கள் என்று குறித்துக்கொண்டேன். இதில் மட்டும் நான் உண்மையிலேயே உபயோகப்பட்டேன்.

38 மீட்டர் ஒயர்

ஊர்ப் பயணம் கணக்கிலிருந்து கழன்றதும் கேள்வி ஒன்றே ஒன்றாகச் சுருங்கிவிட்டது. வண்டி நிற்கும் இடத்தில் பிளக் வருமா? சாதாரணப் 15 ஆம்பியர் பிளக்கே போதும். இரவு ஒன்பது மணி நேரத்தில் நூறு கிலோமீட்டருக்குமேல் ஓடும் அளவு ஏறிவிடும். அந்தப் பிளக் இல்லாவிட்டால் வால்வோ வெறும் பெட்ரோல் கார், ஐ4 தினசரித் தலைவலி. அப்படியானால் இரண்டையும் விட்டுவிட்டுச் சாதாரண பெட்ரோல் வண்டி வாங்குவதே மேல் என்று சொல்லிவிட்டேன். மகனுக்கு முகம் சுருங்கிற்று.

சொஸைட்டி காரியதரிசி ஏற்கெனவே ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். தீப்பற்றினால் யார் பொறுப்பு, பொது மீட்டரில் கரண்ட் எடுத்தால் யார் கட்டுவது என்பது அவர் கவலை. கவலையில் தவறில்லை, கட்டிடம் பழசு, ஒயரிங்கும் பழசு. மத்திய மின்சார மந்திரி சபை இலாகா 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, சொந்த வண்டியைத் தன் வீட்டு இணைப்பிலிருந்தே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்கிறது. அதன் நகலை மகன் கொண்டுபோய்க் காட்டினார். பழைய ஒயரைத் தொடாமல், அண்ணாச்சி மீட்டரிலிருந்தே தனி ஒயர், தனி பிரேக்கர், தனி எர்த் என்று எலெக்ட்ரீஷியன் விளக்கினார். லோடு கூட்ட பெஸ்டுக்கு மனுக் கொடுக்க வேண்டும். காரியதரிசி சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “அளந்து பாருங்கள், கமிட்டியில் வைக்கிறேன்” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அளந்தார்கள். நானும் போயிருந்தேன். மீட்டர் ரூமிலிருந்து மாடிப்படிக்கு அடியில் போய், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, கார் நிற்கும் தூண் வரை 38 மீட்டர். டேப்பின் ஒரு முனையை எலெக்ட்ரீஷியன் பிடித்திருந்தார். மறுமுனையைத் தூணோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்ற டிரைவர், பிளக் எந்த உயரத்தில் வந்தால் தனக்குக் குனியாமல் மாட்ட வரும் என்று கையால் அளந்து, சாக்பீஸில் ஒரு கோடு போட்டார்.