பன்னிரண்டு வருஷத்தில் காற்றுக்கு எவ்வளவு?

100 கிலோ நெல் போட்டால் 67 கிலோ பச்சரிசி அல்லது 68 கிலோ புழுங்கலரிசி வர வேண்டும் என்பது அரசுக் கொள்முதலின் அரவைக் கணக்கு. 17 சதவீத ஈரப்பதத்தோடு வந்த நெல்லை 14-க்குக் காயவைத்தால், அரைப்பதற்கு முன்பே மூன்றரைக் கிலோ காற்றோடு போய்விடும். போட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று கேட்காமல் அரிசி ஆலை ஊரான மண்ணச்சநல்லூரில் யாரும் விலை பேசமாட்டார்கள். ஷெர்ரி (ஸ்பானிய ஒயின்) பீப்பாயில் பழுக்கவைத்த சிங்கிள் மால்ட் விஸ்கியிடமும் இதைத்தான் கேட்க வேண்டும். லேபிளில் '12' என்று கண்டதும் பணத்தை எடுப்பவர்கள் கேட்பதில்லை.

நெதர்லாந்தின் பழைய சரக்கு ஜெனீவர் என்ற தானியச் சாராயம். விஸ்கி பின்னால் வந்தது. பெல்ஜிய எல்லை வீதிக்கு வீதி பின்னிக் கிடக்கும் பார்லே-நாசாவ் ஊரில் ஃபிரெட் வான் சாய்டம் 1975-இல் தொடங்கிய வடிசாலை, மால்ட்டை (முளைகட்டிய பார்லியை) காற்றாலையில் அரைத்து 'மில்ஸ்டோன்' வடிக்கிறது. அதன் 12 ஆண்டு ஷெர்ரி விஸ்கி 46 சதவீதம். வடக்கே ஃபிரீஸ்லாந்தின் 'ஃபிரிஸ்க் ஹிண்டர்' மூன்றே ஆண்டில் பாட்டிலுக்கு வந்துவிடும். ஐரோப்பியச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சமும் அதுதான். நம் பக்கத்தில் இவற்றுக்கு எதிரே நிறுத்தத்தக்கது பெங்களூரு அம்ருத். 1948-இல் தொடங்கிய நிறுவனம். 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் இறக்கியது. அதன் 'இன்டர்மீடியட் ஷெர்ரி' 57.1 சதவீதம், நடுவில் மட்டும் ஷெர்ரி பீப்பாயில் கிடந்து மீண்டும் போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாய்க்குத் திரும்பும்.

ஷெர்ரி பீப்பாய் ஒன்று 500 லிட்டர். 63.5 சதவீதத்தில் நிரப்பினால் உள்ளே தூய ஆல்கஹால் 317.5 லிட்டர், ஒரு டன் மால்ட்டுக்கு 400 லிட்டர் என்று வைத்தால் ஏறத்தாழ 800 கிலோ மால்ட். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு 2 சதவீதம் ஆவியாகும். குளிர்ந்த கடற்கரை நாடு என்பதால் நெதர்லாந்துக்கும் அதையே போட்டுக்கொள்கிறேன். பெங்களூரில் 10 முதல் 12, நடுவாக 11.

டச்சுக் கிடங்கில் 12 ஆண்டு: மிச்சம் 392 லிட்டர்.
பெங்களூரில் 4 ஆண்டு: 314 லிட்டர்.
பெங்களூரில் 12 ஆண்டு: 123 லிட்டர்.

நான்கை ஏன் எடுத்தேன் என்றால், வெயில் நாட்டின் ஓராண்டு குளிர்நாட்டின் மூன்றாண்டுக்குச் சமம் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், ஒரே பக்குவத்துக்கு நாம் 78 லிட்டர் கூடுதலாகக் காற்றுக்குக் கொடுக்கிறோம். 700 மில்லி பாட்டிலில் அது 112. பீப்பாயின் விலை ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால், டச்சுக்காரருக்கு 560 பாட்டிலில் தலைக்கு 179 ரூபாய். பெங்களூரில் 448 பாட்டிலில் 223. (தண்ணீர் சேர்த்து இறக்கினால் இரண்டு பக்கமும் எண்ணிக்கை கூடும்.) குளிர்நாட்டுக்காரருக்கு மட்டும் இதில் முழு லாபம் என்று சொல்லிவிட முடியாது, அவர் முதலை 12 ஆண்டு முடக்கிவைக்கிறார், அதற்கு வட்டி உண்டு.

மரத்தின் நிறமும் காரமும் வெயிலில் சீக்கிரம் இறங்கும், உண்மைதான். ஆனால் காற்றுப் பட்டு மெல்ல மாறும் அந்த அக்ரூட், உலர்திராட்சை வாசனைக்குக் குறுக்குவழி கிடையாது. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கை நான் முழுக்க நம்பாததற்கு இதுதான் காரணம். பெங்களூரிலேயே அம்ருத்காரர்கள் எட்டு ஆண்டு வைத்துப் பார்த்தார்கள்: 'கிரீடி ஏஞ்சல்ஸ்'. இரண்டு பீப்பாயில் 360 லிட்டர் போட்டதில் 274 லிட்டர் போய்விட்டது. மிச்சத்தில் தண்ணீர் சேர்த்து இறக்கியும் தேறியது 144 பாட்டில்.

சுவைத்து ஒப்பிடுபவர்கள் முதலில் செய்யும் தப்பு, 57.1-ஐயும் 46-ஐயும் அப்படியே பக்கத்தில் வைப்பது. வீரியமானது எப்போதும் 'கனமாக'த் தெரியும். 30 மில்லி அம்ருத்தில் 7 மில்லி தண்ணீர் விடுங்கள், 46-க்கு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் பேரீச்சை எதில், கிராம்பு எதில் என்ற பேச்சுக்கு அர்த்தம். ஆளுக்கு 15 மில்லி போதும். மூன்றாவது கோப்பைக்கு மேல் நாக்கு சொல்லும் சாட்சி செல்லாது. விலையையும் இப்படியே பார்க்கலாம்: 700 மில்லியில் 46 சதவீதம் என்றால் ஆல்கஹால் 322 மில்லி, 57.1 என்றால் 400. பாட்டில் விலை ஒன்றாக இருந்தால் இரண்டாவதில் கால் பங்கு சரக்கு அதிகம்.

வெகுகாலமாக வெளிநாட்டு விஸ்கிக்கு இந்தியா 150 சதவீதச் சுங்கம் போட்டுவந்தது. 100 ரூபாய்ச் சரக்கு துறைமுகத்தைத் தாண்டும்போதே 250. அதற்கு மேல் மாநில வரி. அந்த விலையில் டச்சு ஷெர்ரி விஸ்கியை இங்கே வாங்குவது வீண் என்பது என் தீர்ப்பு. பெங்களூர்ச் சரக்கே மேல். கையோடு கொண்டுவருவது வேறு கணக்கு: வெளிநாட்டிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் இறங்குபவருக்கு வரியில்லாமல் 2 லிட்டர் அனுமதி. இரண்டு பாட்டில் என்றால் 1.4 லிட்டர். மூன்றாவது எடுத்தால் 2.1, சுங்கம் கட்ட வேண்டும்.