வண்டிக்கு எவ்வளவு காப்பு வேண்டும்?

காப்பு என்பது தமிழில் பழைய சொல். நூலின் தொடக்கத்தில் இடையூறு வாராமற் காக்க வேண்டிப் பாடுவதும் காப்பு. குழந்தையின் கையில் பூட்டுவதும் காப்பு. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளில் வாழும் நாம் 'இன்ஷூரன்ஸ்' என்பதைக் காப்புறுதி என்கிறோம்; தமிழகத்தார் காப்பீடு என்பர். பெயர் எதுவாயினும் யாருக்குக் காப்பு, எதனின்று காப்பு என்னும் இரு வினாக்களுக்கும் விடை தெரிந்தே அதனை வாங்குதல் வேண்டும். நம்மவருள் பலர் சாலை வரியைப் புதுப்பிக்கும் வேளையில் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுகின்றனர். எதற்குக் கட்டினோம் என்பது விபத்து நேர்ந்த பிறகே அவர்களுக்குத் தெரிய வருகிறது.

மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி காப்புறுதியின்றி வண்டியைச் சாலையில் செலுத்துவது குற்றம். ஆனால் அச்சட்டம் வற்புறுத்துவது நம் வண்டிக்கான காப்பை அன்று. நம் வண்டியால் பிறருக்கு மரணமோ உடற்காயமோ நேர்ந்தால் அவர்களுக்குரிய இழப்பீடு கிடைத்தாக வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். காப்புறுதி எடுத்தவரும் நிறுவனமும் இரு தரப்பினர். இடருற்ற வெளியார் மூன்றாம் தரப்பினர். ஆகவே சட்டத்துக்காகச் செலுத்தும் பணம், முகமறியாத ஒருவரின் குடும்பத்துக்கு நாம் அளிக்கும் உறுதி. நம் சொந்த இழப்பைப் பற்றிச் சட்டம் கவலைப்படவில்லை. அது நம் கவலை.

வழக்கில் உள்ள பத்திரங்கள் மூவகை. மூன்றாம் தரப்புக் காப்பு, பிறருடைய உயிர், உடலோடு அவர்தம் உடைமைக்கு நேரும் சேதத்தையும் ஏற்கும். அதனோடு நம் வண்டி தீப்பற்றினாலும் களவு போனாலும் ஈடு தருவது இரண்டாம் வகை. விபத்தில் நம் வண்டிக்கு நேரும் சேதத்தையும் சேர்த்து ஏற்பது மூன்றாவதான முழுக் காப்பு. 2017 ஜூலை முதல் நாள் தொட்டு, பின்னிரு வகைகளுக்கும் நிறுவனங்கள் தத்தம் கணிப்புப்படி கட்டணம் விதிக்கலாம் என்று ஆயிற்று. ஒரே வண்டிக்கு இரு நிறுவனங்கள் இரு வேறு தொகை கேட்பதன் காரணம் இதுவே. நாலிடத்தில் விசாரித்துப் பார்ப்பதில் வெட்கத்துக்கு இடமில்லை.

'முழு' என்னும் அடைமொழிதான் பலரையும் மயக்குவது. முழுக் காப்பு முழுமையானதன்று. வழக்கமான பத்திரத்தில் வெள்ளச் சேதம் அடங்குவதில்லை. 2021 டிசம்பரில் சிலாங்கூரைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பில் வண்டிகள் கூரை வரை மூழ்கிக் கிடந்த காட்சியை நாடே கண்டது. புயல், வெள்ளம், மண்சரிவு ஆகியவற்றுக்கான தனிச் சேர்க்கையைக் கேட்டு வாங்காதவர், முழுக் காப்புக்குப் பணம் கட்டியிருந்தும் வெறுங்கையுடன் நிற்க நேரும். 40,000 வெள்ளி மதிப்புள்ள வண்டிக்கு இச்சேர்க்கைக்கு ஏறத்தாழ இருநூறு வெள்ளியோ, அதற்குக் குறைவாகவோ ஆகலாம். மேட்டு நிலத்தில் வாழ்பவர் தமக்கு இது வேண்டா என எண்ணலாம். வண்டி நாள் முழுதும் எங்கே நிற்கிறது என்பதையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதனினும் பெரிதாக நான் கருதுவது பயணிகளைப் பற்றிய பொறுப்பு. நம் கவனக் குறைவால் நம் வண்டியில் அமர்ந்திருப்பவர் காயமுற்றால் அவர் நம்மீது வழக்குத் தொடுக்கலாம். வழக்கமான தனியார் வண்டிப் பத்திரம் இப்பொறுப்பை ஏற்பதில்லை. சட்டமும் பொதுவாக அதனைக் கட்டாயமாக்கவில்லை. 'பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு' என்னும் சேர்க்கை தனியே வாங்கத்தக்கது. பேச்சுப் போட்டிக்கு மாணவர் நால்வரைத் தம் வண்டியில் ஏற்றிச் செல்லாத தமிழாசிரியர் நம்மிடையே எத்தனை பேர்? அந்நால்வரின் எதிர்காலத்துக்கு ஊறு நேர்ந்தால் வழங்க வேண்டிய ஈடு, ஓர் ஆசிரியரின் வீட்டையும் சேமிப்பையும் விழுங்கிவிடக்கூடும். அச்சேர்க்கைக்கான கட்டணமோ சில பத்து வெள்ளிகள்தாம். முன்கண்ணாடிக்கு மறவாமல் தனிக் காப்பு எடுத்துவிட்டு இதனை விட்டுவிடுபவரைக் காணும்போது, கதவைத் திறந்து போட்டுச் சன்னலுக்குப் பூட்டுத் தேடுவார் போன்று தோன்றுகிறது.

சிங்கப்பூருக்கு வண்டியில் செல்வோர்க்கு ஒரு சொல். பயணிகளுக்கான பொறுப்பையும் அந்நாட்டுச் சட்டம் கட்டாயமாக்குகிறது. தாய்லாந்து எல்லையைத் தாண்டுவோர் பத்திரத்தின் எல்லையையும் விரித்துக்கொள்ள வேண்டும்.

இனிக் காப்புத் தொகை. கட்டணத்தைக் குறைக்கும் பொருட்டு வண்டியின் மதிப்பைக் குறைத்து எழுதுவது சிக்கனம் போலத் தோன்றும். 40,000 வெள்ளி பெறும் வண்டியை 30,000 வெள்ளிக்குக் காப்புறுதி செய்தார் ஒருவர் என்க. பழுது பார்க்க 8,000 வெள்ளி ஆயிற்று. நிறுவனம் நான்கில் மூன்று பங்காகிய 6,000 வெள்ளியைத் தரும். எஞ்சிய 2,000 அவர் தலையில் விழும். மதிப்பில் நான்கில் ஒரு பங்குக்கு அவரே தமக்குக் காப்புறுதியாளர் ஆகிவிட்டார் என்பது நிறுவனத்தின் வாதம். மிகுத்து எழுதினாலும் பயனில்லை. சந்தை மதிப்பு முறையில் வண்டி அழிந்த நாளில் என்ன விலை பெறுமோ அதுவே கிடைக்கும். தொகையை முன்னரே முடிவு செய்துகொள்ளும் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' முறையும் உண்டு. வங்கிக் கடன் நிலுவையில் உள்ள புதிய வண்டிக்கு அது நன்று.

பழைய வண்டிக்கு முழுக் காப்பு வேண்டுமா என்பது அடிக்கடி எழும் ஐயம். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட வண்டியில் பழைய பாகத்துக்குப் பதில் புதியது பொருத்தினால், வண்டி முன்னையினும் மேம்பட்டது என்று கூறி உரியவரையும் ஒரு பங்கு செலுத்தச் சொல்வர். வழக்கிலுள்ள அட்டவணைப்படி அப்பங்கு ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு. பத்தாண்டாயின் 40 விழுக்காடு. 3,000 வெள்ளிப் பாகங்களுக்கு 1,200 வெள்ளி நம் கையிலிருந்து போகும். வண்டியே எட்டாயிரம் வெள்ளிதான் பெறும், அது போனாலும் சமாளிக்கலாம் என்ற நிலையிலுள்ளவர் தீயும் களவும் சேர்ந்த இரண்டாம் வகையோடு நின்றுவிடலாம். ஆனால் அவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பிறர் குற்றத்தால் நம் வண்டி இடிபட்டால், முழுக் காப்புடையவர் தம் சொந்த நிறுவனத்திடமே கழிவை இழக்காமல் ஈடு கேட்கலாம். மற்றவர் எதிராளியின் நிறுவனத்தை நாடி அலைய வேண்டும். வேறு வண்டியில்லாத குடும்பத்துக்கு அந்தக் காத்திருப்பும் ஓர் இழப்பே.

கழிவு என்றோம். ஈடு கேளாத ஆண்டுகளுக்காகத் தனியார் வண்டிக்குக் கிடைக்கும் கழிவு, ஆண்டு வரிசையில் 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என ஏறும். நம் தவற்றுக்காக ஒரு முறை ஈடு கேட்டால் அனைத்தும் போய் மறுபடியும் சுழியிலிருந்து தொடங்கும். அடிப்படைக் கட்டணம் 1,200 வெள்ளி என்று கொள்வோம். 55 விழுக்காடு பெற்று வந்தவர் முதலாண்டில் 660, அடுத்து 360, பின்னர் 300, 200, 120 என ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 1,640 வெள்ளியை இழக்கிறார். ஆயிரம் வெள்ளி நெளிவுக்கு நிறுவனத்தை நாடுவது இவருக்குக் கட்டுபடியாகாது. பட்டறைக்காரரிடம் கைப்பணம் கொடுத்துச் செப்பனிடுவதே மேல். முன்கண்ணாடிக்கெனத் தனியே எடுத்த காப்பில் ஈடு பெறுவதால் கழிவு குறையாது. அச்சேர்க்கையைப் பலர் விரும்புவதற்கு அதுவே காரணம். அதில் தவறில்லை, வரிசையில் அது கடைசியில் வர வேண்டும் என்பதே என் கருத்து.

பத்திரம் கைக்கு வந்ததும் வண்டியோட்டுவோர் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். பெயர் குறிக்கப்படாதவரோ, 21 வயது நிரம்பாதவரோ, பயிற்சி உரிமம் உள்ளவரோ ஓட்டி வண்டி சேதமுற்றால் முதல் 400 வெள்ளியை நாமே ஏற்க வேண்டிவரும். மகனோ மகளோ புதிதாக உரிமம் பெற்ற வீடுகளில் இதனை மறப்பவர் பலர். ஓய்வு நேரத்தில் வாடகைக்குப் பயணிகளை ஏற்றும் அன்பர்களுக்கோ தனியார் வண்டிப் பத்திரம் போதாது; அத்தொழிலுக்குரிய சேர்க்கையை முன்னதாகவே எழுதி வாங்க வேண்டும். விபத்து நேர்ந்தால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்வது சட்டம் விதித்த கடமை. அந்தப் புகார்ப் படிவம் இல்லாமல் நிறுவனத்தின் வாயிலில் நிற்பதில் பயனில்லை.