பெயர்ப் பட்டியலில் இல்லாதவர்கள்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் 'சயாமுக்குப் போனவங்க' என்ற பேச்சு புதியதன்று. தாத்தாவின் அண்ணன், பாட்டியின் தகப்பனார், பக்கத்து லயத்துப் பெரியவர் என்று உறவுமுறையைச் சொல்வார்கள். பெயர் என்ன என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வராது. தமிழ்ப்பள்ளியிலும் பின்னர்த் தேசியப் பள்ளியிலும் பயின்ற நான், இவர்களைப் பற்றி வகுப்பறையில் கேட்டதைவிடக் கோயில் திருவிழாக்களில் பெரியவர்கள் பேசக் கேட்டதே அதிகம். அவர்கள் யார், ஏன் பெயரில்லாமல் போனார்கள், இன்று மாணவர்களாகிய நாம் என்ன செய்ய முடியும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சயாமில் நடந்தது என்ன?

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று. ரப்பரை வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் முடங்கின. பெரட்டு நின்றது, சம்பளம் நின்றது, அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. அந்த வேளையில்தான் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடுவதற்கு ஜப்பானிய இராணுவம் ஆள் தேடியது. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்ற ஆசைவார்த்தையை நம்பிச் சிலர் போனார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் தயங்கியபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் எனக் கணக்கிட்டுப் பிடித்துச் சென்றார்கள்.

தண்டவாளத்திலும் ஒரு பகுதி நம் வட்டாரத்திலிருந்தே போனது. தம்பினிலிருந்து மலாக்காவுக்குச் சென்ற கிளைப்பாதையையும், கெமாஸில் பிரிந்து கிளந்தானுக்குச் செல்லும் கிழக்குக் கரைப் பாதையின் பெரும் பகுதியையும் ஜப்பானியர் பெயர்த்தெடுத்தனர். கிழக்குக் கரைப் பாதை போருக்குப் பின் மீண்டும் போடப்பட்டது. போன மனிதர்களில் பெரும் பகுதியினர் திரும்பவில்லை.

1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலராவும் மலேரியாவும் சீதபேதியும் முகாம்களைச் சூறையாடின. அவ்வாண்டு அக்டோபர் 17இல் பாதையின் இரு முனைகளும் இணைந்தபோது, ஏறத்தாழ 13,000 போர்க்கைதிகளும் 80,000 முதல் 1,00,000 வரையிலான ஆசியத் தொழிலாளர்களும் மாண்டிருந்தனர் என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் மதிப்பீடு. மலாயாவிலிருந்து சென்றவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழனுக்கு அப்படி ஒன்று ஏன் இல்லை? போர்க்கைதிகளிடையே அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். யார், எங்கே, எந்த நாளில் இறந்தார் என்பதை அவர்கள் மறைவாக எழுதி வைத்தனர். 1945இல் போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளைக் கொண்டே ஒரு குழு பாதை நெடுகிலும் சென்று 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. தோட்டத்துத் தொழிலாளிக்கு எழுதி வைக்க ஆளில்லை. ஆகவே தேடிப் போகவும் யாருமில்லை.

நம் மாநிலத்திலேயே ஒரு பாடம்

எழுதி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1942 மார்ச் மாதத்தில் கோலப்பிலாவை அடுத்த பாரிட் திங்கியில் 675 பேரும், தீத்தியை அடுத்த ஒரு சிற்றூரில் 1,474 பேரும் ஜப்பானியப் படையினரால் கொல்லப்பட்டதாகச் சீன சமூகம் கணக்கிட்டுள்ளது. தப்பிப் பிழைத்தவர்கள் நினைவுச் சின்னங்கள் எழுப்பினார்கள். நெகிரி செம்பிலான் சீனர் மன்றம் ஊர் ஊராகச் சாட்சியங்களைத் திரட்டி 1988இல் நூலாக்கியது. மறு ஆண்டே அது ஜப்பானிய மொழியில் வெளிவந்தது. அதற்குத் துணை நின்றவர்கள் ஜப்பானியர்களே! தகாஷிமா நொபுயோஷி என்ற ஆசிரியர் தம் நாட்டு மக்களை இந்த நினைவிடங்களுக்கு அழைத்து வந்தார். ஹயாஷி ஹிரோஃபூமி என்ற ஆய்வாளர் படையினரின் சொந்தப் பதிவேடுகளையே தேடி எடுத்தார். பெரிய பதவியில் இல்லாத மனிதர்கள் செய்த வேலை, குற்றம் புரிந்த நாட்டின் வாசகனையே சென்றடைந்தது.

நம்மவர் முயற்சியும் இல்லாமல் இல்லை. ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ.ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இத்துயரைப் பதிவு செய்தன. பி.சந்திரசேகரன் போன்றோர் முன்னின்று நடத்தும் மரண இரயில் ஆர்வலர் குழு, பிழைத்து வந்தவர்களையும் குடும்பங்களையும் தேடி வருகிறது. 2023இல் காஞ்சனாபுரி பௌத்த ஆலயமொன்றில் தமிழர்களுக்கென நடுகல்லும் எழுப்பப்பட்டது. கல் நின்றுவிட்டது; அதில் பொறிக்க வேண்டிய பெயர்கள்தாம் நம்மிடம் இல்லை.

இனப்படுகொலை என்று சொல்லலாமா?

மேடைகளில் இச்சொல் எளிதாக வந்துவிடுகிறது. 1948ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின்படி, ஓர் இனத்தையோ தேசியக் குழுவையோ சமயக் குழுவையோ முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். மலேசியாவும் 1994இல் அதில் இணைந்தது. சயாமில் இருந்தது அழிக்கும் நோக்கமா, மனித உயிரைக் கிள்ளுக்கீரையாக எண்ணிய கொடுமையா என்பது வாதத்துக்குரியது. என்னைப் பொறுத்தவரை சொல்லுக்கு அவசரமில்லை, சான்றுக்குத்தான் அவசரம். 2019இல் காம்பியா நாடு மியன்மார் மீது அனைத்துலக நீதிமன்றத்தில் இதே உடன்படிக்கையின்கீழ் வழக்குத் தொடுத்தது. ரோஹிங்யா அகதிகள் முகாம்களில் தந்த வாக்குமூலங்கள் இல்லாமல் அவ்வழக்கு எழுந்திருக்க முடியாது.

அன்று அநாதைகள், இன்று அகதிகள்

சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகள் பலர் அநாதைகளாயினர். அத்தகைய போர்க்கால அநாதைகளுக்காகவே சுவாமி சத்தியானந்தா 1949இல் சுத்த சமாஜத்தைத் தொடங்கினார். அன்னை மங்களம் தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். அன்று நம் பிள்ளைகளைத் தாங்கிய கைகள் இருந்தன.

இன்று அந்த இரயில் பாதை போய்ச் சேர்ந்த நாட்டிலிருந்துதான் மலேசியாவுக்கு மிகப் பெரும்பாலான அகதிகள் வந்துள்ளனர். ஈழத்திலிருந்து வந்த நம் உறவுகளும் அகதிகளிடையே உள்ளனர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. அகதிப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர முடிவதில்லை. தொண்டூழியர்கள் நடத்தும் கற்றல் மையங்களே அவர்களுக்குப் பள்ளி. வார இறுதியில் இரண்டு மணி நேரம் கணக்குச் சொல்லித்தர ஒரு பல்கலைக்கழக மாணவரால் முடியாதா?

நாம் செய்யக்கூடியது

கடந்த விடுமுறையில் நாங்கள் ஐந்து மாணவர்கள் லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரங்களில் சில பெரியவர்களைச் சந்தித்தோம். தொண்ணூறு வயதைக் கடந்த பாட்டி ஒருவர் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது: "எங்கம்மா எங்கப்பா பேர வாயால சொன்னதே இல்ல தம்பி. புருசன் பேரச் சொல்லக்கூடாதுன்னு இருந்துட்டாங்க. ஐசில இருக்கிறதுதான் எனக்குத் தெரியும்." கணவன் பெயரைச் சொல்லாத அந்த மரியாதையே, எழுதப்படாத காலத்தில் பெயரை விழுங்கிவிட்டது. அடையாள அட்டையில் தகப்பன் பெயர் சேர்வதால் பிள்ளை பெற்றவர்களின் பெயராவது மிஞ்சியது. திருமணமாகாமல் போன இளைஞர்களுக்கு அதுவும் இல்லை.

ஆகவே தேடலை இப்படித் தொடங்கலாம். முதலில் வீட்டிலுள்ள முதியவரின் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம். அடுத்து, கோயிலின் பழைய நன்கொடைப் பலகை. எங்கேனும் கிடைத்தால் தோட்டத்துச் செக்ரோல் புத்தகம். பெயர், தோட்டம், போன ஆண்டு, உடன் போனவர், திரும்பினாரா என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, சொன்னவரின் பெயரையும் நாளையும் குறித்து, அவர் சம்மதத்தோடு குரலையும் பதிவு செய்ய வேண்டும். இசுரேலிலுள்ள யாட் வாசெம் நினைவகம், யூதக் குடும்பங்கள் நிரப்பித் தந்த இத்தகைய படிவங்களின் துணையோடு 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைச் சேர்த்துள்ளது.

நீலாயிலும் லாபுவிலும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து மக்கள் திசைக்கொருவராகப் பிரிந்துவிட்டனர். 1943இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறுக்கு மேல். நமக்கு இருக்கும் காலம் மிகக் குறைவு. நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது வீட்டுப் பெரியவரிடம் சயாமுக்குப் போனவரின் பெயரைக் கேளுங்கள். கிடைத்ததை எழுதி நம் தமிழ்ப் பேரவையிடம் சேர்ப்பியுங்கள்.