பணயம் காசல்ல, காலம்! மிரட்டும் 'பிரமயுகம்'

கிருஷ்ணன்கோவிலைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், செங்கோட்டை என்று போய்க்கொண்டே இருந்தால் கொல்லம் வந்துவிடும். மலைக்கு இந்தப் பக்கம் முனி என்றால், அந்தப் பக்கம் சாத்தான். பேய்க்கதைகளுக்கு செக்போஸ்ட் கிடையாது! அந்தப் பக்கத்துச் சாத்தான் கதையை வைத்து ராகுல் சதாசிவன் இயக்கிய மலையாளப் படம்தான் 2024 பிப்ரவரியில் வெளியான 'பிரமயுகம்'. 'விக்ரம் வேதா' எடுத்த நம்ம சென்னை ஒய்நாட் ஸ்டூடியோஸுக்கும் தயாரிப்பில் பங்குண்டு.

17-ம் நூற்றாண்டு மலபார். அடிமைப் பிழைப்பிலிருந்து தப்பி ஓடிவரும் பாணர் குலப் பாடகன் தேவன் (அர்ஜுன் அசோகன்), காட்டுக்குள் ஒரு பாழடைந்த பெரிய வீட்டை அடைகிறான். வீட்டுக்காரர் கொடுமண் போற்றி (மம்மூட்டி) சோறு போடுகிறார்; பாடச் சொல்லிக் கேட்கிறார். சாதி கோலோச்சிய காலத்தில் இப்படியொரு உபசாரமா? பிறகு பகடை ஆடக் கூப்பிடுகிறார். பணயம் வைக்க அவனிடம் என்ன இருக்கிறது? காலம் இருக்கிறதே! தோற்றால் அது போற்றிக்குச் சொந்தம்.

ஜெர்மானிய ஃபாஸ்ட் கதையில் பேயிடம் ஆன்மாவை விற்பவன் படித்த பண்டிதன். எல்லாம் இருந்தும் போதாதவன். தேவனுக்கு வேண்டியது ஒருவாய்ச் சோறும், ஊர் போய்ச்சேர வழியும்தான். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாதவனிடம் பேசப்படும் பேரம் அது. கந்துவட்டிக்காரரிடம் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாகவே தெரியாது.

இன்னொரு விஷயம், போற்றியின் முன்னோர் தவமிருந்து சாத்தானைப் பெற்றதே அடிமையாக வைத்துக்கொள்ளத்தான். 1984-ல் இந்தியாவின் முதல் 3டி படமாக வந்த 'மை டியர் குட்டிச்சாத்தா'னிலும் சாத்தான் ஒரு மந்திரவாதியின் அடிமைதான். அங்கே குழந்தைகள் விடுவித்தார்கள், சிரித்துவிட்டு வந்தோம். இங்கே அடிமைப்பட்டது திருப்பி அடிக்கிறது.

முழுப் படமும் கறுப்பு வெள்ளை. மழையும் விளக்கொளியும் போதுமென்று ஒளிப்பதிவாளர் ஷெஹ்னாத் ஜலால் முடிவெடுத்துவிட்டார். கறைபடிந்த பற்களோடு மம்மூட்டி சிரிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. கேரள அரசின் சிறந்த நடிகர் விருது சும்மா கிடைக்கவில்லை. சமையல்காரராக வரும் சித்தார்த் பரதனும் சளைத்தவரல்ல. ரகசியங்களை வாயாலேயே விளக்கும் இடங்கள்தான் கொஞ்சம் நீளம்.

சோனி லிவ்வில் பார்க்கலாம். குட்டிகள் தூங்கிய பிறகு, போன் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஹெட்போனோடு.